மில்லிநொடிப் பல்சரும் அதன் மிகச் சிறிய துணையும்: பார்க்காத பொருளுக்கு நிறை சொல்வது எப்படி?

அந்திவானம் எழுதியது:

நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் நியூட்ரான் விண்மீன்களை (பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த கரு; சுழலும்போது அது நம்மை நோக்கிச் சீரான துடிப்புகளை அனுப்பினால் பல்சர் எனப்படும்), சில வியாழன்களின் நிறையே கொண்ட பொருள்கள் சுற்றி வருவதாக அறிவித்த இரண்டு கண்டுபிடிப்புகளைப் பற்றி அண்மையில் படித்தேன். ஒன்று, 2007இல் எக்ஸ் கதிரில் கண்டறியப்பட்ட ஸ்விஃப்ட் ஜே1756.9-2508. மற்றொன்று, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியின் தரவிலிருந்து 2011இல் அறிவிக்கப்பட்ட பி.எஸ்.ஆர். ஜே1719-1438. இரண்டிலும் துணைப் பொருளைப் படமெடுத்து எவரும் காட்டவில்லை. ஆனாலும் அதன் நிறை, அது இருக்கும் தொலைவு, அதன் அடர்த்தி என எல்லாவற்றுக்கும் எண்கள் தரப்பட்டிருக்கின்றன.

எனக்கு இருக்கும் ஐயங்கள் இவை. துணையின் நிறையைச் சொல்லும்போதெல்லாம் 'குறைந்தது இவ்வளவு' என்றே ஏன் எழுதுகிறார்கள்? இத்தகைய துணைகள் பெரும்பாலும் மிக வேகமாகச் சுழலும் பல்சர்களிடமே காணப்படுவது தற்செயலா, அல்லது வேகத்துக்கும் துணையின் சிறுமைக்கும் தொடர்பு இருக்கிறதா? துறை அறிந்தவர்கள் எண்களோடு விளக்கினால் நன்றி உடையவனாவேன்.

துடிமானி எழுதியது:

நண்பர் அந்திவானம் அவர்களுக்கு வணக்கம். உங்கள் இரண்டாவது ஐயத்திலேயே மற்றதற்கான விடையும் இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

பல்சரை நாம் கடிகாரமாகவே பயன்படுத்துகிறோம். ஜே1719-1438 தன்னைத்தானே சுற்ற 5.79 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது; அதாவது நொடிக்கு ஏறத்தாழ 173 துடிப்புகள். துணை ஒன்று இருந்தால் பல்சரும் துணையும் பொது நிறைமையத்தைச் சுற்றும். பல்சர் நம்மைவிட்டுச் சற்று விலகியிருக்கும்போது துடிப்புகள் தாமதமாகவும், நம் பக்கம் வந்திருக்கும்போது முன்கூட்டியும் வந்து சேரும். இந்த விண்மீனில் அந்தத் தாமதத்தின் வீச்சு 1.8 மில்லிநொடி. ஒளி 1.8 மில்லிநொடியில் கடக்கும் தொலைவு ஏறக்குறைய 545 கிலோமீட்டர். ஆகவே சூரியனைவிட அதிக நிறை கொண்ட ஒரு பொருள், 545 கிலோமீட்டர் ஆரமுள்ள சிறு வட்டத்தில் 2.18 மணி நேரத்துக்கு ஒரு முறை அசைந்துகொண்டிருக்கிறது என்பதே நேரடியாக அளக்கப்பட்ட செய்தி. மற்ற எல்லா எண்களும் இதிலிருந்து கணக்கிடப்பட்டவை.

கணக்கு எளிது. பல்சரின் நிறையை 1.4 சூரிய நிறை என வைத்துக்கொண்டால், 2.18 மணி நேரச் சுற்றுக்காலத்துக்குக் கெப்ளரின் மூன்றாம் விதி தரும் இடைவெளி சுமார் 6,60,000 கிலோமீட்டர். இது சூரியனின் ஆரத்தைவிடவும் சற்றுக் குறைவு. நிறைமையத்திலிருந்து பல்சர் 545 கிலோமீட்டர் தள்ளியும் துணை 6,60,000 கிலோமீட்டர் தள்ளியும் இருப்பதால், அவற்றின் நிறைகள் 1,200க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். வியாழனைவிடச் சற்றே அதிகமான நிறை இப்படித்தான் கிடைக்கிறது.

'குறைந்தது' என்ற சொல் வருவதற்குக் காரணம், நாம் அளப்பது பார்வைக் கோட்டின் திசையில் உள்ள அசைவை மட்டுமே என்பதுதான். சுற்றுப்பாதையின் தளம் நமக்குப் பக்கவாட்டில் இருந்தால் 545 கிலோமீட்டர் என்பது முழு ஆரம். தளம் சாய்ந்திருந்தால் உண்மையான ஆரம் அதைவிடப் பெரிது, துணையின் நிறையும் அதே விகிதத்தில் அதிகம். பக்கவாட்டில் இருக்கும் தளத்தின் சாய்வை 90 பாகை என்றும், நமக்கு முழு முகம் காட்டும் தளத்தின் சாய்வை 0 பாகை என்றும் கொள்வது வழக்கம். சாய்வு 60 பாகையானால் நிறை 15 விழுக்காடு கூடும். 30 பாகையானால் இரு மடங்காகும்.

இனி வேகத்துக்கு வருகிறேன். நொடிக்கு ஒரு முறை சுழலும் சாதாரணப் பல்சரின் துடிப்பே பல பத்து மில்லிநொடி அகலமாக இருக்கும். அதில் 1.8 மில்லிநொடித் தாமதத்தைப் பிரித்தறிவது மிகவும் கடினம். ஆனால் 5.79 மில்லிநொடிக்கு ஒரு முறை துடிக்கும் பல்சரில் அதே தாமதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு சுழற்சிக்குச் சமம். அதைக் கவனிக்காமல் விடவே முடியாது. வேகம் குறைந்த பல்சர் இவ்வளவு சிறிய துணையை இப்படிக் காட்டிக்கொடுப்பது அரிது.

அந்திவானம் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. ஆனால் ஒன்று உறுத்துகிறது. முதலில் பல்சரைக் கண்டுபிடித்தாக வேண்டும் அல்லவா? சுற்றுப்பாதையில் ஓடும் பல்சரின் துடிப்பு இடைவெளி மாறிக்கொண்டே இருக்குமானால், இரைச்சலுக்குள் ஒரே சீரான இடைவெளியைத் தேடும் முறையில் அது சிக்காமல் போகாதா?

அலைவரிசை எழுதியது:

இதற்கு நான் விடை சொல்கிறேன். தேடல் பணியில் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி இது.

தேடும்போது நம்மிடம் இருப்பது சில நிமிடங்களுக்குப் பதிவான வெறும் இரைச்சல் போன்ற தரவு. தனித்தனித் துடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. விண்மீன்களுக்கு இடையே உள்ள எலக்ட்ரான்களால் குறைந்த அதிர்வெண் அலைகள் பின்தங்கி வருகின்றன. எவ்வளவு பின்தங்குகின்றன என்பது முன்கூட்டித் தெரியாததால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊக மதிப்புகளை ஒவ்வொன்றாக வைத்துத் தரவைத் திருத்தி, ஒவ்வொன்றையும் ஃபூரியே மாற்றத்துக்கு (தரவில் எந்தெந்த அதிர்வெண்கள் உள்ளன என்று பிரித்துக் காட்டும் கணக்கு) உட்படுத்துகிறோம். சீரான துடிப்பு இருந்தால் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒரு முகடு எழும். பல்சர் முடுக்கத்தோடு நகர்ந்தால் அந்த முகடு பக்கத்து அதிர்வெண் கட்டங்களுக்குள் பரவித் தாழ்ந்துவிடும். ஆகவே முடுக்கத்துக்கும் பல ஊக மதிப்புகளை வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. கணினி நேரத்தைப் பெருமளவில் விழுங்குவது இந்தப் படிதான்.

இங்கே சுவையான ஒன்று இருக்கிறது. ஜே1719-1438 அசையும் வட்டம் மிகச் சிறியதாகையால் அதன் முடுக்கம் நொடிக்கு நொடி 0.35 மீட்டர் மட்டுமே. ஒன்பது நிமிடப் பதிவில் இந்த முடுக்கத்தால் முகடு நகரும் அளவு, ஓர் அதிர்வெண் கட்டத்தின் பதினாறில் ஒரு பங்கு. அது இருப்பதே தெரியாது. அதே 2.18 மணி நேரச் சுற்றுப்பாதையில் 0.2 சூரிய நிறை கொண்ட துணை இருந்திருந்தால் முடுக்கம் 55 மீட்டராகி, முகடு ஒன்பது கட்டங்களில் சிதறியிருக்கும்; முடுக்கத் தேடல் இல்லாமல் பல்சர் தவறிப்போயிருக்கும். துணை சிறியதாக இருப்பதால் பல்சர் எளிதில் சிக்குகிறது, ஆனால் துணை இருப்பது முதற்பார்வையில் தெரிவதில்லை. பார்ப்பவர் அதைத் தனிப் பல்சர் என்றே குறித்து வைத்திருப்பார்.

துணை வெளிப்படுவது அடுத்த கட்டத்தில்தான். அதே இடத்தை மீண்டும் மீண்டும் நோக்கும்போது சுழற்சிக் காலம் ஒவ்வொரு முறையும் சற்று வேறுபட்டு வருகிறது. இந்தப் பல்சரின் திசைவேகம் பார்வைக் கோட்டில் நொடிக்கு சுமார் 440 மீட்டர் வரைதான் மாறுகிறது. அதனால் 5.79 மில்லிநொடியில் ஏற்படும் டாப்ளர் மாற்றம் 8 நானோநொடி. ஒரு முழுச் சுற்றுக்கும் போதுமான நேரம் தொடர்ந்து பதிவு செய்து, துடிப்புகளின் வருகை நேரங்களை வரைந்தால் தெளிவான சைன் வளைவு கிடைக்கும். ஒரு சுற்றுக்குள் 13.5 லட்சம் சுழற்சிகள் நடக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூடக் கணக்கில் தவறவிடாமல் மாதக்கணக்கில் எண்ணிக்கொண்டே போவதுதான் பல்சர் நேரக்கணிப்பின் உயிர்நாடி. எண்ணிக்கை அறுந்தால் தீர்வின் துல்லியம் குறைந்துவிடும்.

காமா கதிர் வழியும் இன்று முக்கியமானது. ஃபெர்மி விண்கலம் அடையாளம் காணாது விட்டிருந்த காமா மூலங்களை நோக்கி ரேடியோ தொலைநோக்கிகளைத் திருப்பியதில் இத்தகைய பல்சர்கள் பல கிடைத்தன. இந்தியாவின் ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கி அப்படிக் கண்டறிந்ததே பி.எஸ்.ஆர். ஜே1544+4937, அதன் சுழற்சிக் காலம் 2.16 மில்லிநொடி, சுற்றுக்காலம் 2.9 மணி. ஜே1311-3430 என்ற பல்சரோ 2012இல் காமா துடிப்புகளைக் கொண்டு மட்டுமே கண்டறியப்பட்டது. சுழற்சி 2.56 மில்லிநொடி, சுற்றுக்காலம் 94 நிமிடம்.

ஐயவாதி எழுதியது:

இருவரும் அழகாக விளக்கினீர்கள். ஆனால் வாசகர்கள் இரண்டு செய்திகளை மறந்துவிடக் கூடாது என்பதால் குறுக்கிடுகிறேன்.

முதலாவது வரலாறு. 1991இல் பி1829-10 என்ற பல்சரைச் சுற்றி ஒரு கோள் இருப்பதாக அறிவிப்பு வந்தது. வருகை நேரங்களில் ஆறு மாதச் சுழற்சியோடு ஒரு சைன் வளைவு தெளிவாகத் தெரிந்தது. அது பூமியின் நீள்வட்டப் பாதையைச் சரிவரக் கழிக்காததால் எழுந்த போலி வளைவு. 1992 ஜனவரியில், அதை அறிவித்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ லைன் அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில் அதை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். அந்த 1991 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான மாத்யூ பெய்ல்ஸ்தான் 2011இல் ஜே1719-1438 பற்றிய கட்டுரைக்குத் தலைமை தாங்கினார் என்பது இடையில் சொல்லத்தக்கது.

இரண்டாவது புள்ளியியல். ஒரு தளம் ஏறத்தாழ முகம் காட்டிச் சாய்ந்திருப்பது அரிது என்பார்கள். உண்மைதான், துணையின் உண்மை நிறை குறைந்தபட்ச மதிப்பைப் போலப் பத்து மடங்கு இருக்க வேண்டுமானால் சாய்வு 5.7 பாகைக்குள் இருக்க வேண்டும், அதற்கான நிகழ்தகவு இருநூறில் ஒன்று. ஆனால் நாம் ஒரு பல்சரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. துணையுடன் கூடிய மில்லிநொடிப் பல்சர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றில் மிகக் குறைந்த எண் வந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு, இவ்வளவு குறைவா என்று வியக்கிறோம். இப்படிப் பொறுக்கும்போது சாய்வு சிறிதாக உள்ள அமைப்பே கையில் சிக்க வாய்ப்பு கூடும். இந்தத் தேர்வு விளைவுக்கு உங்கள் விடை என்ன?

துடிமானி எழுதியது:

ஐயவாதி அவர்களின் முதல் எச்சரிக்கைக்கு விடை எளிது. ஆறு மாதமும் ஓராண்டும் பூமியின் காலங்கள். அவற்றில் வரும் வளைவை எவரும் ஐயுறத்தான் வேண்டும். 2.18 மணி நேரத்துக்குப் பூமியிடம் ஒத்த காலம் எதுவும் இல்லை. மேலும் இங்கிலாந்தின் லவல் தொலைநோக்கியிலும் அந்தப் பல்சரின் துடிப்புகள் பின்தொடரப்பட்டன.

இரண்டாவது கேள்வி கனமானது. புள்ளியியலில் உங்களோடு நான் வாதிடப் போவதில்லை; தேர்வு விளைவு உண்மை. ஆனால் சாய்வையே சாராத ஓர் அளவு கைவசம் இருக்கிறது. அதுதான் அடர்த்தி.

பல்சரின் ஈர்ப்பால் கலைக்கப்படாமல் இருக்க, துணை தன் ரோச் மடல் எனப்படும் எல்லைக்குள் அடங்கியிருக்க வேண்டும். துணையின் நிறை கூடினால் அந்த எல்லையின் கனஅளவும் அதே விகிதத்தில் பெருகும். எனவே வகுத்துப் பார்க்கும்போது நிறை அடிபட்டுப்போய், சுற்றுக்காலம் மட்டும் மிஞ்சுகிறது. மணிக் கணக்கிலான சுற்றுக்காலத்தின் வர்க்கத்தால் 110ஐ வகுத்தால், கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று துணையின் மிகக் குறைந்த சராசரி அடர்த்தி கிடைக்கும். ஜே1719-1438க்கு விடை 23. வியாழனின் சராசரி அடர்த்தி 1.33, பூமியில் கிடைக்கும் தனிமங்களில் மிக அடர்ந்த ஆஸ்மியத்துக்கே 22.6தான். ஆக, சாய்வு எதுவாக இருந்தாலும், அங்கே சுற்றுவது வியாழனைப் போன்ற ஹைட்ரஜன் கோளாக இருக்க முடியாது.

இதில் ஒரு சந்து மட்டும் திறந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கனமான பழுப்புக் குறுமீன்கள் (கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட நிறை கொண்ட பொருள்கள்) வியாழனின் அளவிலேயே இருந்துகொண்டு பல மடங்கு நிறை கொண்டிருப்பதால், அவற்றின் அடர்த்தி 23ஐத் தாண்டும். அப்படி ஒன்று இங்கே ஒளிந்திருக்க வேண்டுமானால் அதன் நிறை சுமார் 17 வியாழனாவது இருக்க வேண்டும், சாய்வு 4 பாகைக்குள் இருக்க வேண்டும். நிகழ்தகவு 400இல் ஒன்று. தேர்வு விளைவைச் சேர்த்தால் இந்த வாய்ப்பு சற்று உயரும். முழுவதும் மூடப்பட்ட கதவென்று நான் சொல்லமாட்டேன்.

நீள்வட்டம் எழுதியது:

அடர்த்திக் கணக்கின் முழு வலிமை ஸ்விஃப்ட் ஜே1756.9-2508இல்தான் வெளிப்படுகிறது என்பதால் உரையாடலை அங்கே திருப்ப விரும்புகிறேன்.

2007 ஜூன் மாதத்தில் ஸ்விஃப்ட் விண்கலம் பால்வீதி மையத்தின் திசையில் ஒரு புதிய எக்ஸ் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. சில நாள்களில் ஆர்.எக்ஸ்.டி.இ. விண்கலம் அதே திசையை நோக்கியபோது நொடிக்கு 182 முறை துடிப்பு தெரிந்தது. துடிப்பின் நேரங்கள் 54.7 நிமிடத்துக்கு ஒரு முறை முன்னும் பின்னும் அசைந்தன. நண்பர் துடிமானியின் முறைப்படியே கணக்கிட்டால் இரண்டு பொருள்களுக்கும் இடையே உள்ள தொலைவு 3,70,000 கிலோமீட்டர், அதாவது பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தொலைவைவிடச் சற்றுக் குறைவு. துணையின் குறைந்தபட்ச நிறை சுமார் 7 வியாழன்.

இங்கே நாம் காண்பது ரேடியோ கற்றை அன்று. துணையிலிருந்து வழியும் வளிமம் வட்டாகச் சுழன்று, நியூட்ரான் விண்மீனின் காந்த முனைகளில் விழுந்து சூடேறி எக்ஸ் கதிரை உமிழ்கிறது. வளிமம் வழிகிறது என்றால் துணை தன் ரோச் மடலை நிரப்பியிருக்கிறது என்று பொருள். ஆகவே மேற்சொன்ன சூத்திரம் இங்கே கீழ் எல்லையைத் தராமல் அடர்த்தியையே தந்துவிடுகிறது: கன சென்டிமீட்டருக்கு சுமார் 132 கிராம். ஒரு வெண்குறுமீன் (சூரியன் போன்ற விண்மீன் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் அடர்ந்த எச்சம்) தன் நிறையில் பெரும்பகுதியை இழந்தபின் மிஞ்சிய கரு என்றால் இந்த எண் பொருந்தும்.

வேகத்துக்கும் துணையின் சிறுமைக்கும் தொடர்பு உண்டா என்ற தொடக்கக் கேள்விக்கு நேரக்கணிப்பு நுட்பம் சார்ந்த விடையை மட்டுமே இதுவரை கேட்டோம். வரலாறு சார்ந்த விடையும் உண்டு. 1982இல் 1.56 மில்லிநொடிப் பல்சரான பி1937+21 கண்டறியப்பட்டபோது, இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்பது புதிராக இருந்தது. பெங்களூரு இராமன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த வெ. இராதாகிருஷ்ணனும் ஜி. சீனிவாசனும், ஆல்பர் முதலியோர் தனியாகவும், அதே ஆண்டில் ஒரே விடையைத் தந்தார்கள்: முதுமையடைந்து வேகம் குன்றிய நியூட்ரான் விண்மீன், துணையிடமிருந்து விழும் பொருளின் கோண உந்தத்தைப் பெற்று மறுபடியும் வேகமெடுக்கிறது. 1998இல் சாக்ஸ் ஜே1808.4-3658 என்ற எக்ஸ் கதிர் மூலத்தில் நொடிக்கு 401 துடிப்புகள் கண்டறியப்பட்டபோது இந்தக் கருத்துக்கு நேரடிச் சான்று கிடைத்தது. அதுவும் இரண்டு மணி நேரச் சுற்றுப்பாதையில் மிகச் சிறிய துணையோடு இருந்தது. 2013இல் எம்28 விண்மீன் கொத்திலுள்ள ஒரு பல்சர் எக்ஸ் கதிர் நிலைக்கும் ரேடியோ நிலைக்கும் இடையே மாறுவதே காணப்பட்டது.

ஆகவே தற்செயல் எதுவும் இல்லை. பல்சரின் வேகத்துக்கு விலை கொடுத்தது துணைதான். அது இழந்த நிறையில் ஒரு பங்கே பல்சரைச் சுழற்றிவிட்டது.

ஐயவாதி எழுதியது:

துணையின் பொருளால் பல்சர் மறுபடியும் வேகமெடுக்கிறது என்ற இந்த மறுசுழற்சிக் கோட்பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் இடைவெளி தெரிகிறது. ஸ்விஃப்ட் மூலத்தின் சுற்றுக்காலம் 55 நிமிடம், ஜே1719-1438இன் சுற்றுக்காலம் 131 நிமிடம். முன்னது வளர்ந்து பின்னதாகும் என்றால், எந்த விசை அந்தப் பாதையை அவ்வளவு தூரம் விரித்தது?

நீள்வட்டம் எழுதியது:

அந்த இடைவெளி உண்மையானது, அதைத் துறையிலேயே பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். வெண்குறுமீன் வகைப் பொருளுக்கு ஒரு விந்தைக் குணம் உண்டு: நிறை குறையக் குறைய அது விரிவடையும். நிறை குறைந்த துணையிலிருந்து நிறை மிகுந்த பல்சருக்குப் பொருள் செல்வதால் பாதையும் அகலும். தொடக்கத்தில் ஈர்ப்பலைகளால் (ஒன்றையொன்று சுற்றும் நிறைகள் வெளியில் எழுப்பும் அலைகள்) ஏற்படும் ஆற்றல் இழப்பு இந்தப் பரிமாற்றத்தை ஓட்டிச் செல்கிறது. ஆனால் துணை மெலிந்து பாதை அகன்றதும் ஈர்ப்பலைகள் வலுவிழந்து பரிமாற்றம் தவழத் தொடங்கிவிடும். ஈர்ப்பலைகளை மட்டும் நம்பினால் அண்டத்தின் வயதுக்குள் இரண்டு மணி நேரச் சுற்றுக்காலத்தை எட்ட முடியாது. ஆகவே துணையிலிருந்து காற்றாக வெளியேறும் பொருள் பாதையை விரிக்க உதவியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

அத்தகைய காற்று வெறும் ஊகமன்று. 1988இல் அரெசிபோ தொலைநோக்கியால் கண்டறியப்பட்ட பி1957+20, 1.6 மில்லிநொடிக்கு ஒரு முறை சுழலும் பல்சர்; 9.2 மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் துணை குறுக்கே வரும்போது ரேடியோ துடிப்பு மறைந்துபோகிறது. மறைப்பின் நீளம் துணையின் உடலால் மட்டும் விளக்க முடியாத அளவுக்குப் பெரிது. துணையிலிருந்து ஆவியாகிப் பரவிய வளிமமே துடிப்பை மறைக்கிறது. தன் இணையைத் தின்னும் சிலந்தியின் நினைவில் இந்த வகைக்கே கறுப்பு விதவை என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பல்சர் வெளியிடும் சுழற்சி ஆற்றல் சூரியனின் ஒளிர்வைப் போல் சுமார் 40 மடங்கு.

இடைவெளியின் ஒரு முனையில் புதிய சான்றும் கிடைத்திருக்கிறது. சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கி எம்71 கொத்தின் திசையில் கண்டறிந்து 2023இல் அறிவிக்கப்பட்ட பல்சர், 53 நிமிடச் சுற்றுக்காலத்தோடு ரேடியோவில் துடிக்கிறது. ஸ்விஃப்ட் மூலத்தின் சுற்றுக்காலமும் துணையின் குறைந்தபட்ச நிறையும் ஏறத்தாழ இதற்கும் உண்டு. ஆனால் இங்கே வளிமம் வழியவில்லை.

அலைவரிசை எழுதியது:

செய்தித்தாள்கள் ஜே1719-1438இன் துணையை 'வைரக் கோள்' என்று அழைத்ததைப் பற்றி ஒரு சொல். கெக் தொலைநோக்கியால் தேடியும் அங்கே ஒளி எதுவும் தென்படவில்லை. கார்பன் படிகம் என்பது அடர்த்தியிலிருந்தும் பரிணாமக் கணக்கிலிருந்தும் வந்த ஊகம்; அது நியாயமான ஊகம், ஆனால் நிறமாலை இல்லாமல் வைரம் என்று தலைப்பிட்டது எனக்கு இன்றும் உவப்பாக இல்லை. இதற்கு மாறாக, 3.46 மில்லிநொடிப் பல்சரான ஜே2322-2650ஐச் சுற்றும் வியாழன் நிறைத் துணையை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நேரடியாகவே நோக்கியது. அதன் வளிமண்டலத்தில் கார்பன் அணுக்கள் இரண்டும் மூன்றுமாக இணைந்த மூலக்கூறுகள் மேலோங்கி இருப்பதாக 2025இல் முடிவு வெளியானது. கார்பன் பற்றிப் பேசுவதானால் அங்கிருந்து தொடங்குவதே முறை.

கோளா, விண்மீன் எச்சமா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வரையறை, எப்படித் தோன்றியது என்பதைப் பாராமல், 13 வியாழன் நிறைக்குக் குறைவாக இருந்து விண்மீனையோ விண்மீன் எச்சத்தையோ சுற்றினால் கோள் என்றது. 1992இல் அறிவிக்கப்பட்ட பி1257+12 பல்சரின் கோள்களும் இந்தத் துணையும் அந்த ஒரே வரையறைக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் முன்னவை பல்சரைச் சூழ்ந்த வட்டில் திரண்டவை என்றும், இது வெண்குறுமீனின் மிச்சம் என்றும் கருதப்படுகிறது. அவற்றின் பிறப்பு வெவ்வேறு.

அந்திவானம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இறுதியாக ஒன்று: ஈர்ப்பலைகள் ஆற்றலை எடுத்துச் செல்கின்றன என்றால், ஜே1719-1438இன் துணை ஒரு நாள் பல்சரின் மேல் விழுந்துவிடுமா?

துடிமானி எழுதியது:

6,60,000 கிலோமீட்டர் இடைவெளியையும் ஒரு வியாழன் அளவிலான நிறையையும் வைத்து ஈர்ப்பலைச் சூத்திரத்தில் கணக்கிட்டேன். ஈர்ப்பலைகளால் மட்டும் பாதை சுருங்கி முடிய 5,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். அண்டத்தின் இன்றைய வயது 1,380 கோடி ஆண்டுகள். மேலும் பாதை சுருங்கினால் துணை முழுதாக விழாது. தன் ரோச் மடலை மறுபடியும் நிரப்பும் கட்டத்திலேயே வளிமம் வழியத் தொடங்கி, நிறையை இழந்து, பாதையை மீண்டும் அகலச் செய்யும்.